எலெக்ட்ரிக் கிட்டார் செட்டப்: திருகோணமலையில் வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உவர்மலை, உப்புவெளி, கிண்ணியா என்று பல பக்கங்களிலிருந்தும் இளைஞர்கள் கொண்டுவந்து காட்டும் எலெக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை பழுதானவை அல்ல. யாரும் அவற்றை ஒழுங்காக அமைத்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். தந்தி உயரமாக நிற்கிறது, விரல் நோகிறது, மூன்றாம் ஃப்ரெட்டில் (நெக்கின் முன்பக்கம் குறுக்கே பதித்த கம்பி) கரகரக்கிறது. வாசிப்பவர் தன் கையில்தான் குறை என்று நினைத்து, சில மாதங்களில் கிட்டாரை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிடுகிறார். எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

செட்டப் என்பது என்ன? எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

நெக்கின் (கிட்டாரின் கழுத்து) வளைவு, தந்தியின் உயரம், ஒவ்வொரு தந்தியின் நீளம், பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பகுதி) உயரம் ஆகியவற்றை நீங்கள் போடும் தந்திக்கும் வாசிக்கும் கைக்கும் பொருந்த அமைப்பதுதான் செட்டப். இதில் வரிசைதான் உயிர். முதலில் புதுத் தந்தி போட்டுச் சுருதி சேர்க்க வேண்டும். அடுத்தது நெக். அதன் பிறகு பிரிட்ஜில் (உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) தந்தி உயரம், பிறகு இன்டனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுரம் சரியாக ஒலிக்கும்படி தந்தி நீளத்தை அமைப்பது), கடைசியாகப் பிக்கப். நெக்கைத் தொட்டால் தந்தி உயரம் மாறும். உயரத்தைத் தொட்டால் இன்டனேஷன் மாறும். ஆனால் இன்டனேஷனைத் தொட்டால் நெக் மாறாது. அதனால் இந்தத் திசையில் மட்டுமே போக வேண்டும்.

தந்தி உயரமாக இருக்கிறது என்றதும் நேராகப் பிரிட்ஜ் திருகாணிகளில் கைவைப்பவர்களே அதிகம். நெக் வளைந்து கிடக்கும்போது பிரிட்ஜை இறக்கினால், நடு ஃப்ரெட்களில் விரல் நோவு அப்படியே இருக்கும், பன்னிரண்டுக்கு மேலே நாதம் செத்துப்போகும்.

புதுக் கிட்டார்தானே, தொழிற்சாலையிலேயே சரிசெய்து அனுப்பியிருப்பார்கள் அல்லவா?

ஓரளவுக்குச் செய்திருப்பார்கள். கடையில் யார் எடுத்து வாசித்தாலும் கரகரக்கக் கூடாது என்பதற்காகத் தந்தியைச் சற்று உயர்த்தியே வைப்பார்கள். அதன் பிறகு அந்தக் கிட்டார் கப்பல் கொள்கலனில் கிடந்து, கொழும்புக் களஞ்சியத்தில் கிடந்து, பஸ்ஸிலோ ரயிலிலோ இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. வாங்கி இரண்டு கிழமை வீட்டுக் காற்றில் பழகவிட்டு, பிறகு செட்டப் செய்யுங்கள்.

அண்ணா, மார்கழியில் நன்றாக வாசித்த கிட்டார் ஆனி, ஆடியில் கரகரக்கிறது. நான் எதையும் தொடவேயில்லை. ஏன்?

நீங்கள் தொடவில்லை, காற்று தொட்டிருக்கிறது. நம் ஊரில் கிட்டாருக்கு இரண்டு காலநிலைகள் உண்டு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றோடு வடகீழ்ப் பருவமழை. ஆண்டின் மழையில் பெரும்பகுதி அப்போதுதான் விழுகிறது, உடுப்புக்கூடக் காயாது. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான். தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, வறண்ட சூட்டோடு நம் பக்கம் இறங்குகிறது. இதே மாதங்களில் கொழும்பில் இருக்கும் கிட்டார் மழைக்காற்றில் இருக்கும்; நம்முடையது உலர்ந்துகொண்டிருக்கும். அதனால் கொழும்பில் இருக்கும் நண்பர் சொல்லும் மாதக் கணக்கு இங்கே பொருந்தாது.

மரம் ஈரத்தை உள்வாங்கினால் அதன் இழைக்குக் குறுக்காக உப்பும், உலர்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. நெக்கின் பின்பக்க மேப்பிளுக்கு வார்னிஷ் இருக்கும்; முன்பக்க ரோஸ்வுட் ஃப்ரெட்போர்ட் பெரும்பாலும் வெறும் மரமாகவே இருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் ஈரம் வாங்குவதில்லை, விடுவதும் இல்லை. அந்த இழுபறியில் நெக் சிறிது வளைகிறது. எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் வேறுபடும். ஒரே கடையில் வாங்கிய இரண்டு கிட்டார்கள் எதிரெதிராக வளையக்கூடும். எனவே பருவத்தைப் பார்த்துத் திருகாமல், அளந்து பார்த்துத் திருகுங்கள். கச்சானில் ஃப்ரெட்போர்ட் சுருங்கும்போது ஃப்ரெட் கம்பிகளின் நுனிகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறுவதும் இதே காரணத்தால்தான்.

வைகாசி முடிவில் ஒரு முறை, கார்த்திகையில் மழை நிலைத்த பிறகு ஒரு முறை அளந்து பார்த்தால் போதும். ஏசி போட்ட அறையிலேயே வைத்திருப்பவர்களுக்கு மாற்றம் குறைவு. ஆனால் அங்கிருந்து எடுத்து நேராக டச்சுக்குடாக் கடற்கரை மேடைக்குக் கொண்டுபோனால் ஒரு மணி நேரமாவது பெட்டிக்குள்ளேயே இருக்கவிட்டு, பிறகு திறந்து சுருதி சேருங்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்? அவை இங்கே கிடைக்குமா?

கிட்டாருக்கென்று விற்கும் விலையுயர்ந்த கருவிப் பெட்டி தேவையில்லை. மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் ஃபீலர் கேஜ் கேளுங்கள். வால்வு, பிளக் இடைவெளி பார்க்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் மெல்லிய தகட்டுக் கட்டுதான் அது. அதில் 0.20, 0.25, 0.30 மி.மீ. தகடுகள் இருந்தால் நெக்குக்கு வேறெதுவும் வேண்டாம். அதுவும் கிடைக்காவிட்டால் ‘பத்து’ என்ற தந்திச் செட்டின் முதலாம், அதாவது மிக மெல்லிய, தந்தியில் வெட்டியெறிந்த துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தடிப்பு 0.010 அங்குலம், அதாவது 0.25 மி.மீ. நமக்கு வேண்டிய அளவு அதுவேதான்.

தந்தி உயரம் அளக்கப் பாடசாலை அடிமட்டம் உதவாது, ஏனென்றால் அதன் பூச்சியம் விளிம்பிலிருந்து தொடங்குவதில்லை. விளிம்பிலேயே பூச்சியம் உள்ள இரும்பு அடிமட்டம் வாங்குங்கள். இல்லையென்றால் ஹார்ட்வேர் கடையில் 1.5, 2 மி.மீ. ட்ரில் பிட் இரண்டு வாங்கி, அவற்றின் வழுவழுப்பான தண்டை ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே நுழைத்துப் பாருங்கள். தந்தி மேலே எழும்பாமல் உரசிக்கொண்டு போனால் அதுவே உயரம்.

மற்றவை அலன் கீ, சிறிய ஸ்க்ரூட்ரைவர், கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி), டியூனர். தொலைபேசி டியூனர் சுருதி சேர்க்கப் போதும், இன்டனேஷனுக்கு கேபிள் செருகும் டியூனர் நல்லது. அலன் கீ பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: ஆசியத் தயாரிப்புகளில் 4 அல்லது 5 மி.மீ. அதிகம், அமெரிக்கத் தயாரிப்புகளில் அங்குல அளவு. கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று தளர்வான ஒன்றைப் போட்டுத் திருகினால் உட்பகுதி உருண்டுபோகும். அதைச் சரிசெய்வது பெரிய வேலை.

எந்தத் தடிப்பில் தந்தி போடுவது?

பழகுபவர்களுக்கு ‘ஒன்பது’ செட் (0.009 முதல் 0.042 அங்குலம்), தாளமாக அடித்து வாசிப்பவர்களுக்கு ‘பத்து’ செட் (0.010 முதல் 0.046). தந்தியின் அதிரும் நீளம் 648 மி.மீ. உள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் ‘பத்து’ செட் மொத்தமாக ஏறத்தாழ 47 கிலோ இழுவையைக் கொடுக்கிறது, ‘ஒன்பது’ ஏறத்தாழ 39 கிலோ. அந்த எட்டுக் கிலோ வித்தியாசம் நெக்கின் வளைவை மாற்றக் கூடியது. அதனால் எந்தச் செட் என்று முதலில் முடிவெடுங்கள். செட்டப் முடிந்தபின் தந்தித் தடிப்பை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டிவரும்.

ட்ரஸ் ராடைத் திருகினால் நெக் உடைந்துவிடும் என்கிறார்களே?

இந்தப் பயம்தான் நல்ல கிட்டார்களைப் பல வருடங்கள் கெட்ட நிலையில் வைத்திருக்கிறது. ட்ரஸ் ராட் என்பது நெக்கின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பி. தந்திகளின் இழுவைக்கு எதிராக நெக்கைப் பின்னோக்கி இழுப்பது அதன் வேலை. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மக்ஹியூ சரிசெய்யக்கூடிய ட்ரஸ் ராடுக்கு 1923 இல் காப்புரிமை பெற்றார். திருகுவதற்காகவே வைக்கப்பட்ட உறுப்பு அது. பயப்பட வேண்டியது அவசரத்துக்கும் பலவந்தத்துக்கும்தான்.

முதலில் அளக்க வேண்டும். கிட்டாரைச் சுருதி சேர்த்து, வாசிக்கும் நிலையிலேயே மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்தால் நெக்கின் எடையே அளவை மாற்றும். முதலாம் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். ஆறாம், அதாவது மிகத் தடித்த, தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது தந்தி இரண்டு முனைகளுக்கும் இடையே நேர்கோடாக நிற்கிறது. ஏழாம் அல்லது எட்டாம் ஃப்ரெட்டின் தலைக்கும் தந்தியின் அடிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று தகட்டை நுழைத்துப் பாருங்கள். 0.25 மி.மீ. நல்ல தொடக்கம். மென்மையாக வாசிப்பவர் 0.20 வரை இறக்கலாம். பலமாக அடிப்பவருக்கு 0.30 வேண்டியிருக்கும்.

நெக்கில் ஏன் இந்தச் சிறு குழிவு? அதிரும் தந்தி நடுவில்தான் அதிகம் விரிகிறது. அந்த விரிவுக்கு இடம் விடுகிறோம்.

இடைவெளி அதிகமென்றால் ராடின் முனையை நேராகப் பார்த்து வலஞ்சுழியாக இறுக்குங்கள், நெக் நேராகும். இடைவெளியே இல்லையென்றால் இடஞ்சுழியாகத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்று, மிஞ்சிப்போனால் கால் சுற்று. இறுக்குவதற்கு முன் தந்திகளைச் சற்றுத் தளர்த்திவிட்டால் ராடுக்குச் சுமை குறையும். திருகியபின் மறுபடி சுருதி சேர்த்து, அளந்து பாருங்கள். மரம் உடனே முழுதாக இணங்காது. மறுநாள் காலை இன்னொரு தடவை அளந்த பிறகே வேலை முடிந்தது என்று கொள்ளுங்கள். கை எதிர்ப்பை உணர்ந்தால், அல்லது அரைச் சுற்று போயும் நெக் அசையவில்லையென்றால் நிறுத்துங்கள். அந்தக் கிட்டாரை அனுபவமுள்ளவரிடம் கொடுக்க வேண்டும்.

ட்ரஸ் ராடைத் தந்தி உயரத்தைக் குறைக்கும் கருவியாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

தந்தி உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில், எதையும் அழுத்தாமல், ஃப்ரெட்டின் தலையிலிருந்து தந்தியின் அடிவரை அளக்க வேண்டும். ஆறாம் தந்திக்கு 2 மி.மீ., முதலாம் தந்திக்கு 1.6 மி.மீ. என்று தொடங்குங்கள். இடையிலுள்ளவை படிப்படியாக இறங்கி வரட்டும். இங்கிருந்து கால் சுற்றாக இறக்கிக்கொண்டே போய், கரகரப்பு தொடங்கும் இடத்தில் கால் சுற்று ஏற்றுங்கள். உங்கள் கிட்டாருக்கும் உங்கள் கைக்கும் உரிய உயரம் அதுதான். இணையத்தில் யாரோ 1 மி.மீ.யில் வாசிப்பதாகச் சொன்னால் அவருடைய ஃப்ரெட்கள் துல்லியமாகச் சமப்படுத்தப்பட்டிருக்கும், அவருடைய வலக்கையும் மென்மையாக இருக்கும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் ஒவ்வொரு தந்திக்கும் தனிச் சாடில் (பிரிட்ஜில் தந்தி உட்காரும் சிறு தாங்கி), அதில் இரண்டு திருகாணிகள். இரண்டையும் சமமாகத் திருகி, சாடில் சரியாமல் பாருங்கள். லெஸ் பால் வகைப் பிரிட்ஜில் இரண்டு பக்கச் சக்கரங்கள் மட்டுமே. முழுப் பிரிட்ஜும் சேர்ந்து ஏறும், இறங்கும். சாடிலை முடிந்தவரை இறக்கியும் தந்தி உயரமாகவே நிற்கிறதென்றால், திருகாணியால் பூட்டிய நெக்கில் அதன் அடிக்குழியின் உட்பக்கத்தில் ஒரு தடித்த அட்டைத் துண்டு வைத்துச் சாய்வை மாற்றலாம். இது பழைய, நம்பகமான முறை.

கரகரக்கிறது. எங்கே குறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அம்ப்ளிஃபயரில் செருகிக் கேளுங்கள். கேபிள் இல்லாமல் மடியில் வைத்து வாசிக்கும்போது கேட்கும் மெல்லிய கரகரப்பு பல நேரங்களில் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. ஸ்பீக்கரில் கேட்காத கரகரப்பைத் துரத்திக்கொண்டு தந்தியை உயர்த்தினால் விரல்தான் விலை கொடுக்கும்.

ஸ்பீக்கரிலும் கேட்டால், ஆறு தந்திகளையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஒரே பலத்தில் வாசித்துக்கொண்டே போய் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே கரகரக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

அழுத்தாத தந்தி மட்டும் கரகரத்து, முதலாம் ஃப்ரெட்டை அழுத்தியதும் தெளிந்தால் நட்டில் (தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் துண்டு) பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் நான்கைந்து ஃப்ரெட்களில் கரகரத்து மேலே தெளிவாக இருந்தால் நெக் அளவுக்கு மீறி நேராகவோ பின்னோக்கியோ வளைந்திருக்கிறது. ராடைச் சற்றுத் தளர்த்த வேண்டும். கச்சான் தொடங்கியதும் என்னிடம் வரும் கிட்டார்களில் நான் முதலில் சோதிப்பது இதைத்தான். பன்னிரண்டுக்கு மேலே மட்டும் கரகரத்தால் பிரிட்ஜ் உயரம் போதாது, அல்லது நெக் உடலோடு சேரும் இடத்தில் மரம் சற்று மேடாகியிருக்கிறது. எல்லா இடத்திலும் என்றால் தந்தி மொத்தமாகவே தாழ்ந்திருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்றால் கவனமாகப் பாருங்கள். ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தும்போது கரகரத்தால் சந்தேகம் ஆறாம் ஃப்ரெட்டின் மீது விழ வேண்டும், அதுதான் உயர்ந்து நிற்கிறது. பழைய வங்கி அட்டையின் நீள விளிம்பை மூன்று ஃப்ரெட்களின் மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். நடு ஃப்ரெட் உயரமென்றால் அட்டை இருபக்கமும் ஆடும். ஃப்ரெட் கிளம்பி நின்றால் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டி உட்கார வைக்கலாம். அரத்தால் தேய்க்கும் வேலையை மட்டும் பழகியவரிடம் விடுங்கள், தேய்ந்த உலோகம் திரும்பி வராது.

இவை எதுவுமில்லாமல் ஏதோ ஓரிடம் கிர்ரென்கிறதென்றால் கிட்டாரின் உடலைத் தேடுங்கள். டியூனிங் கீயின் தளர்ந்த வளையம், சாடிலின் திருகாணி, பின்பக்கச் சுருள்வில், பிளாஸ்டிக் தகட்டின் ஆணி ஆகியவற்றை ஒவ்வொன்றாக விரலால் அமர்த்திப் பிடித்து வாசித்தால் எது என்று தெரிந்துவிடும்.

எஃப் கோர்டு பிடிக்க மட்டும் உயிர் போகிறது. கை பலமில்லையா?

கை அல்ல, பெரும்பாலும் நட் தான். தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் அந்த வெள்ளைத் துண்டின் பள்ளங்கள் உயரமாக இருந்தால் முதலாம் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தப் பெரும்பலம் வேண்டும். அழுத்தும்போது தந்தி நீள்வதால் அந்தச் சுரங்கள் கூடியும் ஒலிக்கும். தந்தியை இரண்டுக்கும் மூன்றாம் ஃப்ரெட்டுக்கும் இடையே அழுத்திவிட்டு, முதலாம் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் ஒரு வெளிச்சக் கீற்று இருக்க வேண்டும். விரலால் தட்டினால் ‘டிக்’ என்ற சிறு சத்தம் வர வேண்டும். அதைவிட அதிகமென்றால் பள்ளத்தைத் தந்தியின் தடிப்புக்கேற்ற அரத்தால், தலைப்பக்கம் சற்றுச் சரிவாக, துளித்துளியாக ஆழப்படுத்த வேண்டும்.

கீற்றே இல்லையென்றால் ஆழம் கூடிவிட்டது. அப்பச்சோடாவை அந்தப் பள்ளத்தில் நிரப்பி ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால் கல்லாக இறுகும், மறுபடி அராவிக்கொள்ளலாம். தற்காலிகத்துக்கு அது போதும். நிரந்தரத்துக்கு எலும்பில் செய்த புது நட் போடுங்கள்.

சுருதி சரியாகச் சேர்த்தும் மேலே போகப் போக அபசுரமாகிறதே?

அதற்குத்தான் இன்டனேஷன். புதுத் தந்தியில் மட்டும் செய்யுங்கள், துருப்பிடித்த தந்தியில் இது ஒருபோதும் நிலைக்காது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு ஹார்மோனிக்கை எழுப்பி டியூனரில் பாருங்கள். பிறகு அதே ஃப்ரெட்டில் இயல்பாக அழுத்தி வாசித்துப் பாருங்கள். அழுத்திய சுரம் கூடியிருந்தால் சாடிலை நெக்கிலிருந்து விலக்குங்கள். குறைந்திருந்தால் நெக்கை நோக்கி நகர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் மறுபடி சுருதி சேர்த்த பிறகே அடுத்த ஒப்பீடு. முடிவில் சாடில்கள் படிக்கட்டு வரிசையில் நிற்பதைப் பார்ப்பீர்கள், அதுதான் சரி.

ட்ரெமலோ பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. என்ன செய்வது?

ட்ரெமலோ என்பது ஒரு கையால் அசைத்துச் சுருதியை ஆட்டும் பிரிட்ஜ். அதை முன்னே தந்திகளும் பின்னே சுருள்விற்களும் எதிரெதிராக இழுக்கின்றன. தடித்த தந்தி போட்டால் தந்தியின் பக்கம் வெல்கிறது, பிரிட்ஜ் எழும்புகிறது. பின்பக்க மூடியைக் கழற்றி, சுருள்விற்கள் கொளுவியிருக்கும் உலோகத் தகட்டின் இரண்டு நீண்ட திருகாணிகளைச் சமமாக இறுக்குங்கள். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் சுருதி சேர்த்துப் பாருங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனத்தின் அளவுப்படி பின்பக்கம் 3.2 மி.மீ. எழும்பி நிற்கலாம்.

ட்ரெமலோவின் கைப்பிடியைப் பயன்படுத்தாதவர்களுக்கு என் பரிந்துரை வேறு. திருகாணிகளை நன்றாக இறுக்கிப் பிரிட்ஜை உடலோடு படியவைத்துவிடுங்கள். திருவிழா மேடையில் ஒரு தந்தி அறுந்தாலும் மற்ற ஐந்தும் சுருதியில் நிற்கும், பாட்டை முடித்துவிடலாம்.

பிக்கப்பைத் தந்திக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோகலாம்?

கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு அளந்தால், ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஆறாம் தந்திப் பக்கம் 2.4 மி.மீ., முதலாம் தந்திப் பக்கம் 2 மி.மீ. அதைவிட நெருக்கினால் ஒலி பெரிதாகும் என்பது உண்மை. ஆனால் காந்தம் தந்தியை இழுத்து அதன் அதிர்வைக் குலைக்கும். தடித்த தந்திகளில் மேல் ஃப்ரெட்களில் இரண்டு சுரம் கலந்தாற்போல் அலையடிக்கும். இன்டனேஷனில் மணிக்கணக்காகப் போராடியவர்கள் பிக்கப்பைச் சற்று இறக்கியதும் தீர்வு கண்டிருக்கிறார்கள்.

நிலாவெளியில் கடற்கரை ஹோட்டலில் வாசிக்கிறேன். ஒரு கிழமையில் தந்தி துருப்பிடிக்கிறது.

உல்லாசப் பயணிகள் நம் கரைக்கு வரும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில்தான் உங்களுக்கு வேலை அதிகம், கச்சானும் அப்போதுதான். பகலில் சூடு உலர்த்துகிறது, மாலையில் கடற்காற்று உப்பைக் கொண்டுவருகிறது. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் உலர்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடையுங்கள். மேற்பூச்சுள்ள தந்திகள் விலை கூடியவை, ஆனால் கடற்கரையில் வாசிப்பவருக்கு அந்தப் பணம் திரும்பி வரும்.

தந்தியைவிட எனக்குக் கவலை தருவது சாடில் திருகாணிகள். துரு உள்ளே இறங்கினால் அடுத்த செட்டப்பில் அசையாது, பலவந்தமாகத் திருகினால் தலை போய்விடும். தந்தி மாற்றும்போதெல்லாம் ஒவ்வொரு திருகாணியையும் சற்று அசைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஊசிமுனையளவு வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். வெயிலில் நிறுத்திய வானுக்குள் கிட்டாரை ஒருபோதும் விட்டுப் போகாதீர்கள்.

ஃப்ரெட்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா?

வேண்டாம். அது உலர்வதில்லை, புழுதியையும் வியர்வையையும் பிடித்துவைக்கும், நாளடைவில் காறல் வாடை வரும். வெறும் ரோஸ்வுட்டுக்குக் கிட்டாருக்கென்று விற்கும் எலுமிச்சை எண்ணெயை வருடத்துக்கு ஒரு முறை, கச்சான் காலத்தில், சில சொட்டுகள் பூசித் துடைத்துவிடுங்கள். வார்னிஷ் போட்ட மேப்பிளுக்கு ஈரத்துணி போதும்.

கரகரப்பு இல்லை, ஆனால் ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று ரீங்காரம் வருகிறது.

இது செட்டப் விஷயம் அல்ல, மின்சார விஷயம். ஒற்றைச் சுருள் பிக்கப் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரத்தை இயல்பாகவே வாங்கும். தந்தியைத் தொட்டதும் குறைந்தால் கிட்டாரின் எர்த் கம்பி வேலை செய்கிறது என்று பொருள். தொட்டதும் கூடினால் உள்ளே எர்த் கம்பி கழன்றிருக்கலாம்.

ஆனால் தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்று அடித்தால், அந்த நொடியே கையை எடுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். 230 வோல்ட் எங்கோ எர்த் இல்லாமல் உலாவுகிறது. ஜெனரேட்டரில் ஓடும் கோயில் மேடைகளில் இது நடக்கக்கூடியது. மின்னியலாளர் வந்து எர்த்தைச் சோதிக்கும்வரை வாசிக்காதீர்கள், நிகழ்ச்சி தாமதமானாலும் பரவாயில்லை. செருப்புப் போட்டால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எங்கள் பாடகருக்காக அரைச் சுரம் இறக்கி வாசிக்கிறோம். அன்றிலிருந்து எல்லாமே கரகரக்கிறது. இதற்கும் செட்டப் வேண்டுமா?

வேண்டும். அரைச் சுரம் இறக்கினால் தந்தியின் இழுவை ஏறத்தாழ 11 சதவீதம் குறைகிறது. தந்தி தளர்ந்து அகலமாக ஆடுகிறது. ராடோ பழைய பலத்திலேயே இழுக்கிறது, அதனால் நெக் நேராகி இடைவெளியும் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்து கரகரப்பாகிறது. நிகழ்ச்சிகளில் எப்போதும் இறக்கித்தான் வாசிப்பீர்கள் என்றால் ‘ஒன்பது’ செட்டிலிருந்து ‘பத்து’ செட்டுக்கு மாறுங்கள். இறக்கிய சுருதியில் ‘பத்து’ செட்டின் இழுவை முன்பிருந்த ‘ஒன்பது’ செட்டைவிடச் சற்றே அதிகமாக இருக்கும், விரலுக்கும் பழகிய உணர்வு கிடைக்கும். அந்தச் சுருதியிலேயே நெக்கையும் உயரத்தையும் இன்டனேஷனையும் அளந்து அமையுங்கள்.

ஒரே கிட்டாரில் இன்று ஒரு சுருதி, நாளை வேறொரு சுருதி என்றால், அதிகம் வாசிக்கும் சுருதிக்குச் செட்டப் செய்துவிட்டு, ஆறாம் தந்தியையும் ஐந்தாம் தந்தியையும் கால் சுற்று உயர்த்தி வையுங்கள். கேப்போ போட்டு வாசிக்க முடிந்த பாடல்களுக்குக் கிட்டாரை இறக்கியே வைத்துவிட்டு முதலாம் ஃப்ரெட்டில் கேப்போ போடுவது இன்னும் சுலபம். வழக்கமான சுருதி உடனே கிடைக்கும், ஒரு திருகாணியையும் தொட வேண்டியதில்லை.